பெங்களூரின் முப்பாடப் பட்டமா, உள்ளூர் அரசுக் கல்லூரியா? செய்தித்துறையை விரும்பும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், கலைப் பாடங்களில் ஆர்வமுள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஏறத்தாழ ஒரே வகையான குழப்பம் நிலவுகிறது. செய்தியாளராக வேண்டும், நாட்டு நடப்பில் ஈடுபாடு உண்டு, ஆங்கிலமும் கைவர வேண்டும் என்று சொல்லும் மாணவர், பெங்களூர்க் கல்லூரிகளில் இதழியல், அரசியல் அறிவியல், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரே பட்டத்தில் படிக்கலாம் என்று கேள்விப்பட்டதும், தேடியது கிடைத்துவிட்டதாக நினைக்கிறார். பெற்றோரோ, பக்கத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கும்போது இவ்வளவு பணம் கட்டி எல்லை தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வாக்குவாதம் பெரும்பாலும் கட்டணத்தோடும் விடுதியோடும் நின்றுவிடுகிறது. முடிவை உண்மையிலேயே மாற்றக்கூடிய சில செய்திகள் பேச்சிலேயே வருவதில்லை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, மூன்று ஆண்டுகளுக்கான மொத்தச் செலவு. கல்லூரிக் கட்டணத்தோடு தங்கும் செலவு, போக்குவரத்து, மடிக்கணினி, கேமரா போன்றவையும், ஊதியமில்லாத பயிற்சிக் காலத்தில் நகரத்தில் தங்கும் செலவும் இதில் சேரும்.

இரண்டாவது, மாணவர் இப்போது எந்த மொழியில் சரளமாக எழுதுகிறார் என்பது. பேசுவதைக் கேட்கவில்லை, எழுதுவதைத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது, மனம் மாறினால் எந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்பது. பதினேழு வயதில் செய்தியாளராக விரும்பியவர் இருபது வயதில் ஆசிரியர் பணியையோ, குரூப் 2 தேர்வையோ, சட்டப் படிப்பையோ நாடலாம். இது நம் மாவட்டங்களில் விதிவிலக்கே அல்ல; வழக்கமாக நடப்பதே இதுதான். ஆகையால் மூன்று அளவுகோல்களில் இதற்கே நான் கூடுதல் எடை தருகிறேன்.

தொழிற்பயிற்சியை நான்காவது அளவுகோலாகச் சேர்க்கலாம். ஆனால் அதற்குக் குறைந்த எடை போதும். செய்தித்தொழிலின் அடிப்படையை, அதாவது செய்தியின் முதல் பத்தியை எழுதுவது, தகவலை இரண்டு இடங்களில் சரிபார்ப்பது, பேட்டி எடுப்பது, சுருக்கமாகப் படம்பிடிப்பது, அவதூறுச் சட்டம் எங்கே குறுக்கிடும் என்று அறிவது ஆகியவற்றை, பட்டத்துக்குப் பிறகு ஓராண்டுப் படிப்பிலும் நல்ல செய்தி அறையிலும் கற்றுக்கொள்ள முடியும். ஒரு தீர்ப்பையோ வரவுசெலவு அறிக்கையையோ படித்துப் புரிந்துகொள்ளும் மொழிப் பயிற்சியும் பொருளறிவும் அப்படி ஓராண்டில் வருவதில்லை.

வாச்சாத்தி வழக்கை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று அரூர் பகுதியிலுள்ள அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் அதே தேதியில், 2023 செப்டம்பர் 29-இல்தான். இந்த வழக்கைப் பற்றி இன்று ஒரு மாணவர் நேர்த்தியான கட்டுரை எழுத வேண்டுமானால், உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஆங்கிலத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க வேண்டும். இங்கே ஆங்கிலம் தேவைப்படுகிறது. வழக்கு எப்படி மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது, பட்டியல் பழங்குடியினருக்கான ஆணையத்தின் அதிகாரம் எது என்று புரிந்திருக்க வேண்டும். இது அரசியல் அறிவியல். பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்தைக் காத்து, அவர்கள் சொன்னதைச் சிதைக்காமல் எழுதத் தெரிய வேண்டும், அதுதான் இதழியல். மூன்றும் தேவை என்பதில் ஐயமில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே கட்டடத்தில் படிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

## பெங்களூரில் மூன்று பாடங்களும் சேர்ந்த பி.ஏ.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு முதன்மைப் பாடமும் அதற்குத் துணைப்பாடங்களும் இருப்பது வழக்கம். கர்நாடகத்தில் மூன்று பாடங்களுக்கும் ஏறக்குறைய சம இடம் தரும் மரபு நெடுங்காலமாக உண்டு. 2021-இல் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அங்கே நான்காண்டு ஹானர்ஸ் முறை வந்தது; 2024-25 கல்வியாண்டு முதல் மாநில அரசு மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பியது. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் நான்காண்டு அமைப்பைத் தொடர்வது உண்டு. எனவே கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், பட்டம் எத்தனை ஆண்டு, மூன்றாம் ஆண்டில் பாடங்கள் எப்படிக் குறைகின்றன, சான்றிதழில் முதன்மைப் பாடமாக எது அச்சிடப்படும் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும்.

இந்தப் படிப்பின் பலம் பாடத்திட்டத்தைவிடச் சூழலில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் விவாதிக்கும் வகுப்பறை, கல்லூரி நடத்தும் மாணவர் இதழ், பேருந்து ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஆங்கில நாளிதழ் அலுவலகங்கள், மூன்றாம் பருவத்திலிருந்தே கிடைக்கும் பயிற்சி வாய்ப்புகள் ஆகியவை உள்ளூரில் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சாதகமும் உண்டு: தமிழோடு கன்னடமும் தெலுங்கும் காதில் பழகியவர்கள் அவர்கள். பெங்களூரில் களச்செய்தி சேகரிக்க ஆங்கிலம் மட்டும் போதாது. காவல் நிலையத்திலும் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் கன்னடம்தான் நடக்கும். அங்கே வடமாநில மாணவர் தடுமாறும் இடத்தில் இவர்கள் தடுமாற மாட்டார்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூர் சென்று பட்டம் பெறுவது புதிய வழக்கமும் அல்ல. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்துப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றவர்தான். சென்னையில் சட்டம் படித்ததும், 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழை நடத்தியதும் அதற்குப் பிறகு.

இனி மறைமுகச் செலவுகள். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அதன்மேல் விடுதியோ, பி.ஜி. எனப்படும் தனியார் தங்குமிடத்தில் அறையோ சேரும். ஓசூர்க்காரர் நாள்தோறும் போய்வரலாம்: சுமார் 40 கிலோமீட்டர்தான், 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவரை மெட்ரோ மஞ்சள் தடம் திறக்கப்பட்ட பிறகு, அத்திப்பள்ளி தாண்டிப் பேருந்தில் பொம்மசந்திரா சென்று ரயிலேறினால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலைத் தவிர்த்துவிடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து இது சுமார் 90 கிலோமீட்டர். நகரத்தில் ரயில் நிலையமும் இல்லை. தர்மபுரியில் ரயில் உண்டென்றாலும் தொலைவு இன்னும் கூடுதல். ஆக, ஓசூருக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு விடுதிச் செலவு தவிர்க்க முடியாதது.

அடுத்து, தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கர்நாடகச் சேர்க்கையில் இடஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. வெளிமாநிலப் பொதுப்பிரிவு மாணவராகவே நிற்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் கணக்கில் வைக்க வேண்டும். அந்தத் தொகை வெளிமாநிலக் கல்லூரிக்குத் தொடர்ந்து வரும் என்று நம்பிச் செலவைத் திட்டமிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய மறைமுகச் செலவு, பட்டத்தின் இணைத்தன்மை. பின்னாளில் தமிழ்நாட்டில் ஆங்கில ஆசிரியராக விரும்பினால், 'ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டம்' என்ற தகுதிக்கு முப்பாடப் பட்டம் இணையா என்ற கேள்வி பி.எட். சேர்க்கையிலும் ஆசிரியர் தேர்வு வாரியத்திலும் எழக்கூடும். மூன்றில் ஒரு பங்கு ஆங்கிலம் படித்தவரை முழு ஆங்கிலப் பட்டதாரியாக ஏற்பார்கள் என்று சேரும்போதே கருதிக்கொள்வது ஆபத்து.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஆங்கில வழியில் படித்து, இப்போதே ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை அகராதி இல்லாமல் படிப்பவருக்கும், மூன்றாண்டுச் செலவைக் கடனின்றித் தாங்கும் குடும்பத்துக்கும், தமிழ்நாட்டு அரசுப் பணியை மாற்றுவழியாக நினைத்திராதவருக்கும் இது நல்ல தேர்வு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மறுபடி யோசிக்கலாம்; இரண்டு குறைந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து.

## உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம்

கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சேர்க்கை ஒற்றை இணையதளத்தின் வழியாக, தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்படி நடக்கிறது. பட்டம் முடித்துப் பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி கிடைக்கும், எம்.ஏ. சேர்ந்தால் முதுகலை ஆசிரியர் பணிக்கும் முயலலாம். மாற்றுவழிகளின் எண்ணிக்கையில் இந்தப் பட்டத்தை வேறெதுவும் வெல்லாது.

ஆனால் இதன் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை, அது உண்மையில்லை. பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்பதே வழக்கம். கடையில் விற்கும் கைடை மனப்பாடம் செய்து அந்த 75-இல் நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும். ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தமிழில் விளக்கக் கேட்டு, வினாவுக்கான விடையை ஆங்கிலத்தில் ஒப்பித்து, முதல் வகுப்பில் தேறியவர், தம் ஊர் ஏரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி சொந்தமாக எழுதத் திணறுவதைக் காணலாம். ஆசிரியர்கள் மீது பழி போடுவதில் பயனில்லை; அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரின் கட்டுரையையும் திருத்திக் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது.

இந்தக் குறைக்கு மருந்தும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பல அரசுக் கல்லூரிகள் காலை, மாலை எனச் சுழற்சி முறையில் இயங்குவதால் மாணவருக்கு அரைநாள் மிஞ்சுகிறது. அந்த அரைநாளில் மாவட்ட மைய நூலகத்தில் ஓர் ஆங்கில நாளிதழையும் ஒரு தமிழ் நாளிதழையும் பக்கத்தில் வைத்து, ஒரே செய்தியை இருவரும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டு, தாமே மூன்றாவதாக ஒரு வடிவம் எழுதிப் பார்ப்பவருக்கு மூன்றாண்டில் மொழி வசப்படும். வேலைக்கோ வீட்டு வேலைக்கோ அந்த அரைநாள் போய்விடும் குடும்பங்களில் இது நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு இழப்பைப் பலர் கவனிப்பதில்லை. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதிவரை, பள்ளியின் தொடக்கத்திலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 1, குரூப் 2 பணிகளுக்குப் பட்டம் தகுதியாகையால், பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் படித்தவர் பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்த நாளே அந்த முன்னுரிமையை இழக்கிறார். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4-இல் மட்டும் அது தொடரும். பெங்களூர்ப் பட்டத்துக்கும் இதே நிலைதான்.

## அரசியல் அறிவியல்

அரசியல் அறிவியல் எல்லா அரசுக் கல்லூரிகளிலும் இல்லை. விண்ணப்பிக்கும்போது கல்லூரிவாரியாகப் பார்க்க வேண்டும். சேலம், சென்னை என்று விரிவாகத் தேடத் தயாராக இருப்பவருக்கே இது நடைமுறைத் தேர்வு.

தமிழ் வழிப் பிரிவில் இடம் கிடைத்தால், மேலே சொன்ன 20 விழுக்காட்டு முன்னுரிமை அப்படியே நிற்கிறது. படிக்கும் பாடமும் போட்டித் தேர்வின் பாடமும் பெருமளவு ஒன்றாகின்றன. அரசமைப்பு, கூட்டாட்சி, உள்ளாட்சி, தேர்தல் முறை ஆகியவை டி.என்.பி.எஸ்.சி.யிலும் வருகின்றன, குடிமைப் பணித் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளிலும் வருகின்றன. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு, எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்களில் 500 இருக்கிறது. சட்டம் படிக்க விரும்பினால் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குத் தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

செய்தியாளருக்கு இந்தப் பாடம் எவ்வளவு உதவும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஊராட்சியின் அதிகாரம் எங்கே முடிந்து ஊராட்சி ஒன்றியத்தின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வராவிட்டால் ஊராட்சியைக் கேட்பதா குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்பதா என்று தெரியாத நிருபர், யார் என்ன அறிக்கை கொடுத்தாலும் அதை அப்படியே எழுதி அனுப்புபவராகவே இருப்பார்.

குறைகள் இரண்டு. ஆசிரியர் பணிக்கு இது நீண்ட வழி: அரசியல் அறிவியல் படித்தவர் எம்.ஏ. முடித்த பிறகே பி.எட். சேர முடியும். தமிழ் வழியில் படிப்பவரின் ஆங்கிலம் பிளஸ் டூ நிலையிலேயே தேங்கிவிடும் ஆபத்தும் உண்டு. பகுதி இரண்டில் வரும் பொது ஆங்கிலத் தாள்கள் அதைச் சரிசெய்யப் போதா.

## இளநிலையிலேயே இதழியலும் விஷுவல் கம்யூனிகேஷனும்

சென்னை, கோவைக் கல்லூரிகளில் இவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவுகள். கட்டணத்தோடு கேமரா, படத்தொகுப்புக்கு ஏற்ற மடிக்கணினி, செய்முறைப் படங்களுக்கான செலவு என்று பட்டியல் நீளும். காட்சி ஊடகம், விளம்பரம், படத்தொகுப்பு என்று கையில் தொழில் வேண்டுபவருக்கு இது சரி. எழுத்துச் செய்தியாளராக விரும்புபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. மூன்றாண்டில் கற்கும் மென்பொருள் பட்டம் பெறுவதற்குள் பழசாகிவிடுகிறது; மனம் மாறினால் ஆசிரியர் பணி உள்ளிட்ட வழிகளும் அடைபட்டிருக்கும்.

## முதலில் பாடம், பிறகு இதழியல்

அரசுக் கல்லூரியில் ஆங்கிலமோ அரசியல் அறிவியலோ படித்துவிட்டு இதழியலை முதுநிலையில் படிப்பது ஐந்தாவது வழி. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. கருப்பூரில், தர்மபுரி-சேலம் நெடுஞ்சாலையை ஒட்டியே பல்கலைக்கழகம் அமைந்திருப்பதால், தொப்பூர்க் கணவாயைக் கடந்து பேருந்தில் போய்வரும் மாணவர்கள் உண்டு. சென்னையின் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரையும் நுழைவுத் தேர்வின் வழியே சேர்த்துக்கொள்கிறது. கட்டணம் அதிகம், ஆனால் ஒரே ஆண்டு. முப்பாடப் பட்டத்துக்கு மூன்றாண்டுகள் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை அப்படியே வைத்திருந்து, இருபது வயதில், விருப்பம் உறுதியான பிறகு, அந்த ஓராண்டுக்குச் செலவிடுவது விவேகமானது என்பது என் கருத்து. இந்தத் தொழிலுக்கு ஏற்றவர் என்று முடிவாகாத வயதில் கட்டும் கட்டணம்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது.

இதன் குறை, மூன்றாண்டுகள் செய்தி அறையின் வாடையே படாமல் போவது. அதை ஓரளவு ஈடுசெய்ய உள்ளூர்ப் பகுதிநேர நிருபர்களோடு பழகலாம். அந்தப் பழக்கம் ஓர் உண்மையையும் காட்டிக்கொடுக்கும்: தாலுகா நிருபர்கள், தொலைக்காட்சி ஸ்ட்ரிங்கர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான், பலர் கூடவே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் நுழைவதற்கு முன் அதை நேரில் பார்ப்பது நல்லது.

| | செலவு | ஆசிரியர் பணி | தமிழ் வழி முன்னுரிமை (குரூப் 1, 2) | செய்தி அறைப் பழக்கம் |
|---|---|---|---|---|
| பெங்களூர் முப்பாடம் | மிக அதிகம் | இணைத்தன்மைக் கேள்வி உண்டு | இல்லை | நன்று |
| பி.ஏ. ஆங்கிலம் | மிகக் குறைவு | நேர்வழி | இல்லை | தாமே தேட வேண்டும் |
| பி.ஏ. அரசியல் அறிவியல் (தமிழ் வழி) | குறைவு | எம்.ஏ.க்குப் பிறகு | உண்டு | தாமே தேட வேண்டும் |
| இளநிலை இதழியல், விஸ்காம் | அதிகம் | இல்லை | பெரும்பாலும் இல்லை | நன்று |

## விண்ணப்பிக்கும் காலத்தில்

அரசுக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவை ஒட்டியே தொடங்கும். பெங்களூர்த் தனியார் கல்லூரிகள் பலவற்றில் சேர்க்கை அதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்து, முன்பணமும் கேட்கப்படும். முடிவு வருவதற்கு முன்பே பணம் கட்டிவிட்டு, கட்டிய பணம் போய்விடுமே என்பதற்காகவே அங்கே சேர்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் திரும்பப் பெறும் விதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பி.எட். படிக்கும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடம் எப்படிக் குறிக்கப்படும் என்பதையும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்கும் முன் சில படிகள் எடுத்துவைத்துக்கொள்ளலாம். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழை, ஒன்றாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு இந்த விடுமுறையிலேயே வாங்கிவிடுவது எளிது. பத்தாண்டு கழித்துத் தேர்வில் தேறிய பிறகு அந்தப் பள்ளிகளைத் தேடி அலைவது கடினம்.